ஒரு வரத்து வாய்க்காலும் மூன்று உத்தரவுகளும்: கடைமடை ஊர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கத்தில் இன்றும் புது ஆறு என்றுதான் சொல்வார்கள். 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து பயன்பாட்டுக்கு வந்த இந்த ஆறு, தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்பகுதியில் மழையை மட்டும் நம்பியிருந்த ஏரிகளுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டு வந்து சேர்த்தது. இங்கே பதிவு செய்யப்படும் நிகழ்வு அந்தப் பாசனத்தில் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், பட்டுக்கோட்டைக்குத் தெற்கே உள்ள ஓர் ஊரில் நடந்தது. ஊரின் பெயரையும், தொடர்புடையவர்களின் பெயர்களையும், அலுவலர்களின் அடையாளங்களையும் தவிர்த்திருக்கிறேன். பாசனதாரர் சங்கத்தின் எழுத்து வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்ற முறையில், மனுக்களில் பெரும்பாலானவற்றை நானே எழுதினேன். ஆகவே அவற்றில் இருந்த பிழைகளுக்கும் நானே பொறுப்பு.

ஊர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டு வரும் வரத்து வாய்க்காலின் அகலம் புலப்படத்தின்படி, அதாவது அரசின் நில அளவை வரைபடத்தின்படி, 6.2 மீட்டர். தலைப்பக்கத்தில், தார்ச்சாலையை ஒட்டி, வசதியும் செல்வாக்கும் உள்ள ஒருவர் கட்டிய திருமண மண்டபத்தின் சுற்றுச்சுவர் அதைப் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தது. அதற்குக் கீழே, ஏரியை நெருங்கும் இடத்தில், வாய்க்கால் கரையில் பதினொரு கூலிக் குடும்பங்கள் இரண்டு தலைமுறையாகக் குடியிருந்தன. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் அந்தக் கூரைகள் அனைத்தும் போனபின் தார்ப்பாயும் தகரமும் போட்டுத் தங்கியிருந்தார்கள். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்த ஆண்டிலும்கூட எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வந்து சேரப் புரட்டாசி ஆனது. நாற்றங்கால் விட்டவர்கள் பயிர் வைக்க முடியாமல் நாற்றை மாட்டுக்கு அறுத்துப் போட்டார்கள்.

வருவாய்த் துறை ஆண்டுதோறும் ஊர்க் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் ஒரு மனு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நான்கு மனு என்று கொடுத்தோம். வருவாய்த் துறையினர் மண்டபத்துக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். உடனே மண்டபத்துக்காரர் உரிமையியல் நீதிமன்றத்தில், ஊரார் சொல்வதுபோல் முன்சீப் கோர்ட்டில், அரசு அலுவலர்கள் மேல் வழக்குப் போட்டார். அரசுத் தரப்பில் எதிருரை தாக்கல் செய்யாமல் வாய்தா வாங்கிக்கொண்டே இருந்ததால், இருக்கும் நிலை நீடிக்க வேண்டும் என்ற இடைக்கால உத்தரவு மாதக்கணக்கில் நீண்டது.

நீதிமன்றத்தை நாடியது ஏன்

சங்கக் கூட்டத்தில் இரண்டு கருத்து இருந்தது. மறியல் செய்யலாம் என்றார்கள் இளைஞர்கள். மூத்தவர்கள் காவிரி வழக்கை நினைவுபடுத்தினார்கள். அந்த நினைவு இங்கே வெறும் செய்தித்தாள் நினைவு அன்று. 1983-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது டெல்டா விவசாயிகளின் சங்கம் ஒன்றுதான். அந்த வழக்கில் 1990 மே மாதம் பிறந்த உத்தரவைத் தொடர்ந்தே அதே ஆண்டு ஜூன் 2-இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூனில் அந்த மன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) தரச் சொல்லி இடைக்கால உத்தரவு பிறப்பித்தபோது, அதைச் செயலிழக்கச் செய்யக் கர்நாடக அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டு வந்தது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன் பேரில் அதை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், தான் ஒரு தரப்பாக இருக்கும் தகராறில் தானே தீர்ப்பெழுதிக்கொள்ள எந்த அரசுக்கும் உரிமை இல்லை என்ற அடிப்படையில், அந்தச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று 1991 நவம்பரில் கூறியது.

அதே வழக்கின் மறுபக்கத்தையும் நான் கூட்டத்தில் சொன்னேன். நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரியில் வந்தது. அரசிதழில் வெளியாக 2013 பிப்ரவரி ஆனது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கான அளவை 192-இலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. அதைச் செயல்படுத்தும் மேலாண்மை ஆணையம் 2018 ஜூன் 1-இல்தான் அமைந்தது. நீதிமன்றம் உத்தரவு போடலாம். ஷட்டரைத் தூக்குபவர் வேறு ஆள். நம் பக்கமும் குறைத்துக் கொடுக்கலாம். இந்த இரண்டையும் ஏற்றுக்கொண்டு வருவதானால் போகலாம் என்றேன். கூட்டம் ஒப்புக்கொண்டது. மண்டபத்துக்காரர் போட்ட வழக்கில் எங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கக் கோரி மனுப் போடுவது முதல் வேலை என்று முடிவாயிற்று.

நீதிபதியைப் போய்ப் பார்ப்பது என்ற யோசனை

மனு நீதிமன்றத்தில் பதிவாகி நெம்பர் ஆன வாரத்தில் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அந்த நீதிபதியின் உறவினர் ஒருவர் அவருடைய சம்பந்தி வழியில் பழக்கமாம். காசு பணம் எதுவும் இல்லை, வாய்க்கால் நிலவரத்தை எடுத்துச் சொல்வது மட்டும்தான் என்றார். "நம்ம பக்கம் நியாயம் இருக்கு தம்பி. நியாயத்த ஐயா காதுல போடுறதுல என்ன தப்பு?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தாசில்தாரிடம் போனாலும், கூட்டுறவு வங்கிச் செயலாளரிடம் போனாலும், தெரிந்தவர் ஒருவரை முன்னிட்டுப் போவதுதான் அவர் வாழ்நாளெல்லாம் கண்ட வழக்கம். அந்த அலுவலகங்களில் அது சில வேளை உதவியும் இருக்கிறது. நீதிமன்றம் அந்த வரிசையில் சேர்ந்த இன்னொரு அலுவலகம் அன்று என்பதை அவருக்கு விளங்க வைக்க ஒரு முழு மாலை ஆயிற்று.

நான் சொன்னவை இவை. எதிர்த்தரப்புக்குக் கேட்காமல் சொல்லப்படும் சொல்லுக்கு எதிர்த்தரப்பு பதில் சொல்ல முடியாது; அந்தச் சொல் உண்மையாகவே இருந்தாலும், கேட்ட நீதிபதி அதற்குப்பின் இரு பக்கத்துக்கும் நடுவில் நிற்க முடியாது. தெரிந்துவிட்டால், நமக்குச் சாதகமான உத்தரவே அந்த ஒரு காரணத்துக்காக மேல்முறையீட்டில் உடையும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கொல்லைப்புற வழியைத் திறந்துவிட்டால் அதில் மண்டபத்துக்காரரின் கார் நம்முடைய சைக்கிளை முந்திப் போய்விடும். அவருக்கு இருக்கும் பழக்கத்தில் நூற்றில் ஒரு பங்கு நமக்கு இல்லை. ஆள்பலம் இல்லாதவனும் பலம் உள்ளவனும் ஒரே உயரத்தில் நிற்கும் இடம் இந்த ஊரில் அந்த அறை ஒன்றுதான். அதை நாமே கெடுக்கலாமா?

பெரியவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவன் போய்ப் பாத்துட்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. அப்படி நடந்ததற்குச் சான்று கிடைத்தால் உயர் நீதிமன்றத்துக்கு எழுதலாம், சான்று இல்லாமல் வாயால் சொல்லித் திரியக்கூடாது என்று மட்டும் சொன்னேன். அவர் போகவில்லை. இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் இதையே முதன்மையானதாக இன்றும் கருதுகிறேன்.

அளவீட்டில் கண்டவை

எங்களைத் தரப்பாகச் சேர்த்துக்கொண்ட நீதிமன்றம், இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஒருவரை ஆணையராக நியமித்தது. சர்வேயரோடு அவர் வந்தது மாசி மாதத்தின் ஒரு காலை. மண்டபத்துக்காரரின் வழக்கறிஞர், எங்கள் வழக்கறிஞர், கிராம நிர்வாக அலுவலர், தலையாரி, ஊரில் பாதிப் பேர் என்று எல்லோரும் இருந்தோம். ஆணையர் இளம் பெண். இரு தரப்பும் கொண்டு வந்த இளநீரை வாங்க மறுத்து, தான் கொண்டு வந்த தண்ணீரையே குடித்தார்.

அளவைத் தொடங்கப் பழைய எல்லைக்கல் ஒன்று வேண்டும். கருவை மண்டிக் கிடந்த ஓர் இடத்தைத் தலையாரி காட்ட, அரை மணி நேரம் வெட்டி, ஒரு முழம் தோண்டியபின் கல்லின் தலை தெரிந்தது. சர்வேயர் கையால் மண்ணைத் தடவி மேல்பக்கத்தில் கொத்தியிருந்த குறியைப் பார்த்து, புலப்படத்தைத் திருப்பி வைத்துச் சங்கிலியைப் பிடிக்கச் சொன்னார். சுவர் இருந்த இடத்தில் வாய்க்காலின் மீதி அகலம் 2.1 மீட்டர். ஆணையர் அதை உரக்கப் படித்து, இரு தரப்பு வழக்கறிஞர்களையும் கையொப்பமிடச் செய்தார்.

எங்கள் ஆட்கள் மகிழ்ச்சியோடு கிளம்பத் தயாரானபோது, வாய்க்கால் முழுவதையும் அளக்கத்தான் தனக்கு உத்தரவு என்று சொல்லி அவர் கீழே நடந்தார். சங்க உறுப்பினர் ஒருவரின் தென்னந்தோப்பு வேலி 0.8 மீட்டர் உள்ளே இருந்தது. அதுவும் குறிக்கப்பட்டது. பதினொரு குடிசைகளும் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டன. "இது கேஸ்ல இல்லியே மேடம்" என்றார் தோப்புக்காரர். ஆணையர் பதில் சொல்லாமல் எழுதிக்கொண்டிருந்தார். அன்று எனக்கும் அது தேவையற்ற கண்டிப்பாகத்தான் தோன்றியது. அந்த அறிக்கையின் அருமை பின்னால்தான் புரிந்தது.

முதல் உத்தரவும் ஊர்ப்பேச்சும்

அறிக்கை வந்தபின் இடைக்கால உத்தரவை நீதிமன்றம் விலக்கியது. வருவாய்த் துறை சட்டப்படி நடவடிக்கை எடுக்கத் தடை இல்லை என்பதே உத்தரவின் சாரம். மறுநாளே தேநீர்க் கடையில், அந்த நீதிபதியை வேறு ஊருக்குத் தூக்கப் போகிறார்கள், மண்டபத்துக்காரர் மேலிடத்தில் பேசிவிட்டார் என்று பேச்சு வந்தது. எங்கள் உறுப்பினர்களே அதை நம்பினார்கள்.

வேறு துறை அலுவலர்களுக்கு அப்படி நடந்ததை ஊர் கண்டிருக்கிறது; ஆகவே அந்த நம்பிக்கையில் வியப்பில்லை. ஆனால் கீழமை நீதிபதிகளின் பணியிடம், பதவி உயர்வு, விடுப்பு ஆகியவற்றின் மேல் உள்ள கட்டுப்பாட்டை அரசமைப்பின் 235-ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. அமைச்சரிடமோ ஆட்சியரிடமோ கொடுக்கவில்லை. நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 50-ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் காலத்தில் வரி வசூலித்த கலெக்டரே குற்ற வழக்கையும் விசாரிக்கும் அதிகாரம் பெற்றிருந்ததை எண்ணினால், இந்த இரண்டு பிரிவுகளும் ஒரு சாதாரண விவசாயிக்கு எவ்வளவு பெரிய அரண் என்பது தெரியும். அந்த நீதிபதி அதற்குப்பின் ஓராண்டுக்கு மேல் அதே நீதிமன்றத்தில் இருந்து, வழக்கமான இடமாற்றத்தில்தான் போனார்.

ஆனால் சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. தடை நீங்கியும் ஐந்து மாதம் யாரும் வரவில்லை. ஆகவே அலுவலர்கள் தங்கள் கடமையைச் செய்ய உத்தரவிடக் கோரி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுப் போட்டோம். 2004 ஜூலையில் அந்தக் கிளை தொடங்குவதற்கு முன்பென்றால் சென்னைக்குப் போக வேண்டியிருந்திருக்கும். அந்தச் செலவில் சங்கம் பாதியிலேயே கைவிட்டிருக்கும். வாய்க்காலில் உள்ள ஆக்கிரமிப்புகள் அனைத்தையும் சட்டப்படி பன்னிரண்டு வாரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது இரண்டாவது உத்தரவு.

குடிசைகளுக்கு இயந்திரம் வந்த நாள்

பன்னிரண்டு வாரக் கெடு முடியப் பத்து நாள் இருக்கும்போது, காலை ஏழு மணிக்குப் பொக்லைன் வந்தது. அது மண்டபத்தைத் தாண்டி நேராகக் குடிசைகளிடம் போய் நின்றது. கோர்ட்டு உத்தரவு என்று மட்டும் சொன்னார்கள். அடுப்பில் உலை ஏறியிருந்த வீட்டில் ஒரு பெண் பானையை இறக்க நேரம் கேட்டார். இரண்டு குடிசைகள் சரிந்தபின் நான் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நீங்க எழுதுன மனுவாமே இது? எங்களுக்கு யாரும் ஒரு காயிதம்கூடக் குடுக்கலீங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஆக்கிரமிப்புகள் "அனைத்தையும்" என்ற சொல்லை மனுவில் எழுதியது நான். மண்டபத்தை மனத்தில் வைத்து எழுதினேன். மற்ற பதினொரு வீட்டை நினைக்கவே இல்லை. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, அதன்பின் 6-ஆம் பிரிவில் உத்தரவிட்டுத்தான் யாரையும் வெளியேற்ற முடியும். 'சட்டப்படி' என்று நீதிமன்றம் எழுதிய ஒரு சொல்லில் இவ்வளவும் அடங்கியிருந்தது. அலுவலர்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொண்டார்கள். எளியவன் வீட்டை இடித்துக் கணக்குக் காட்டினால், உத்தரவை நிறைவேற்றியதாகவும் ஆகும், மண்டபத்தைத் தொடாமலும் இருக்கலாம்.

அன்று பிற்பகலே அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு பெண்களை வட்டச் சட்டப்பணிகள் குழு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமலே வழக்கறிஞரை அமர்த்திக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து மதுரைக்குத் தாள்கள் போயின. நான்காம் நாள் மூன்றாவது உத்தரவு வந்தது: நோட்டீஸ் கொடுத்து விளக்கம் பெறும் வரை குடிசைகளைத் தொடக்கூடாது.

சங்கத்தில் எழுந்த பிளவு

சங்கத்தில் கொந்தளிப்பு. அகற்று என்று சொன்ன அதே நீதிமன்றமே தடை கொடுத்தால் எங்கே போவது என்று கேட்டார்கள். நான் துரோகம் செய்துவிட்டதாக இருவர் வெளிப்படையாகவே சொன்னார்கள். இடைக்காலத் தடையை நீக்கக் கோரி சங்கம் மனுப் போட வேண்டும் என்று தீர்மானம் வந்தது.

அந்தக் கூட்டத்தில் ஆணையரின் அறிக்கையை முழுவதும் படித்தேன். தோப்பு வேலி 0.8 மீட்டர் என்ற வரியில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பொக்லைன் நாளை அந்த வேலிக்கு வந்தால், நோட்டீஸ் இல்லாமல் எப்படி இடிக்கலாம் என்றுதானே நாமும் கேட்போம் என்றேன். மண்டபத்துக்காரருக்கு நோட்டீஸும் வாய்தாவும் வழக்கறிஞரும் கிடைத்தபோது நாம் பொறுமையாக இருந்தோம். கூலிக்காரருக்கு நோட்டீஸும் அவகாசமும் கிடைப்பதில் என்ன குறை வந்தது? நம் விருப்பப்படி மட்டும் உத்தரவு போடும் நீதிமன்றம் வேண்டுமென்றால், அது நாளைக்கு நம்மைவிடப் பெரிய ஒருவரின் விருப்பப்படியும் போடும். முன்பு நீதிபதியைப் பார்க்கலாம் என்று யோசனை சொன்ன அதே பெரியவர் எழுந்து, "அவங்க மனுவ எதுக்க வேண்டாம். மனைப்பட்டா குடுக்கச் சொல்லி நாமளும் சேந்து கேப்போம்" என்றார். தீர்மானம் தோற்றது, இருவர் சங்கத்தை விட்டு விலகினார்கள், அவர்களில் ஒருவர் என்னோடு இன்றுவரை பேசுவதில்லை.

பின் நடந்தவை

ஆணையரின் அறிக்கை எல்லா ஆக்கிரமிப்பையும் ஒன்றுபோல் குறித்திருந்ததால், எதை முதலில் எடுப்பது என்ற தகராறுக்கு இடமில்லாமல் போயிற்று. நோட்டீஸ் பதின்மூன்று இடங்களுக்கும் ஒரே நாளில் ஒட்டப்பட்டது. தோப்புக்காரர் வேலியைத் தானே பிடுங்கினார். மண்டபத்தின் சுவருக்கு மறுபடியும் காலம் இழுத்தபோது நீதிமன்ற அவமதிப்பு மனுவைத் தாக்கல் செய்தோம். உயர் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரத்தை 215-ஆவது பிரிவு தருகிறது. அலுவலர் நேரில் வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பு சுவர் இடிக்கப்பட்டது. குடிசைக்காரர்களில் எட்டுக் குடும்பத்துக்கு ஊருக்குக் கிழக்கே வீட்டுமனைப் பட்டா கிடைத்து, அவர்கள் மாறினார்கள். மூன்று குடும்பங்கள் இன்னும் கரையில்தான் இருக்கின்றன. அவர்கள் பெயர் குடும்ப அட்டையில் வேறு ஊரில் இருப்பதாகச் சொல்லிப் பட்டா மறுக்கப்பட்டதால் அந்த வழக்கு நிலுவையில் உள்ளது. முதல் மனுவிலிருந்து சுவர் இடியும் வரை மூன்று சம்பா போயிற்று. நான்காம் ஆண்டு ஆவணி கடைசியில் ஏரிக்குத் தண்ணீர் வந்தது.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதலில் அளவு, பிறகு மனு என்று தொடங்கியிருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, புலப்படத்தையும் ஊரின் நில விவரங்கள் அடங்கிய 'அ' பதிவேட்டின் நகலையும் தொடக்கத்திலேயே வாங்கியிருந்தால், குடிசைகளும் தோப்பு வேலியும் கணக்கில் வரும் என்பது எங்களுக்கே முன்னால் தெரிந்திருக்கும். ரிட் மனுவில் பதினொரு குடும்பங்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்திருக்க வேண்டும். ஒருவரை வழக்கில் சேர்ப்பது அவர்மேல் பகை கொள்வதாகும் என்று அப்போது நினைத்தோம், உண்மையில் அவரைச் சேர்க்காமல் விட்டதுதான் அவருக்குத் தீங்காக முடிந்தது. அரசுத் தரப்பு எதிருரை தாக்கல் செய்யாத அந்த மாதங்களில், ஒவ்வொரு வாய்தாவின் நாட்குறிப்பு நகலையும் வாங்கி ஆட்சியருக்கு எழுதியிருக்கலாம், அதைச் செய்யவில்லை.

பக்கத்து ஊர்ப் பாசனதாரர்கள் சென்ற தையில் தங்கள் வாய்க்காலுக்காக மனு எழுதித் தரச் சொல்லி வந்தார்கள். அவர்களோடு வாய்க்கால் நெடுகிலும் நடந்து, கரையில் இருந்த வீடுகளின் கதவு எண்களை எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டாரிடமும் மனுவின் நகல் ஒன்றைக் கொடுத்துக் கையொப்பம் வாங்கிய பிறகே அதைத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்தோம்.